பல்கலைக்கழகத் தகவல் தொழில்நுட்ப ஆளுகையில் முடிவெடுக்கும் உரிமை: அண்ணா பல்கலைக்கழகத்தையும் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதிக் கல்லூரிகளையும் முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கணினி வாங்குதல், மென்பொருள் எழுதுவித்தல், தேர்வு முடிவுகளை இணையத்தில் வெளியிடுதல் ஆகியவை பல்கலைக்கழகங்களில் தொழில்நுட்பப் பிரிவின் வேலைகளாகவே எண்ணப்படுகின்றன. அவற்றைக் குறித்து முடிவெடுக்கும் உரிமை யாருடையது, முடிவு பிழைத்தால் பொறுப்பேற்பவர் யார் என்னும் வினாக்கள் ஆளுகையைச் சார்ந்தவை. இவ்வினாக்களுக்கான கோட்பாட்டு விளக்கத்தை இக்கட்டுரை முதலில் எடுத்துரைக்கிறது. பின்னர், அண்ணா பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய மூன்று நிகழ்வுகளின் வழியாகவும், தமிழ்ப் பெயர்களைக் கணினியில் பதியும் சிக்கலின் வழியாகவும் அவ்விளக்கத்தைச் சோதித்துப் பார்க்கிறது.

குறிச்சொற்கள்: தகவல் தொழில்நுட்ப ஆளுகை, ஆட்சிக்குழு, இணைவுக் கல்லூரி, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு, தரவுப் பாதுகாப்பு, தமிழ்ப் பெயர்ப் பதிவு.

முன்னுரை

சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைக் கடந்து மேற்கே செல்வோர், சாலையின் இரு மருங்கிலும் இரு வேறு வகை நிறுவனங்களைக் காண்பர். ஒரு வகை, தொழிற்சாலைகள். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் உற்பத்தியைத் தொடங்கிய ஹூண்டாய், சுங்குவார்சத்திரத்தில் சாம்சங், ஒரகடத்தில் 2010இல் உற்பத்தியைத் தொடங்கிய ரெனோ – நிசான் எனப் பட்டியல் நீளும். மற்றொரு வகை, பொறியியல் கல்லூரிகள். தண்டலத்திலும் பென்னலூரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் அமைந்துள்ள இக்கல்லூரிகளுள் பெரும்பாலானவை அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்றவை. தொழிற்சாலைக்குத் தேவையான பொறியாளரைக் கல்லூரி உருவாக்குகிறது என்பதே இவ்விரண்டுக்குமான உறவாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது.

இன்னோர் உறவும் உண்டு. கல்லூரி தரும் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவுக்குச் செல்கின்றன. அங்கே அவை ஆதார் அட்டையோடும் வங்கிக் கணக்கோடும் ஒப்பிடப்படுகின்றன. ஓர் எழுத்து மாறியிருந்தாலும் வேலை உத்தரவு காத்திருக்க வேண்டியதுதான். அவ்வெழுத்தைக் கணினியில் பதிந்தவர் ஒரு தட்டச்சர். அப்பெயரை எப்படிப் பதிய வேண்டும் என்று முடிவு செய்தவர் யார்? இக்கட்டுரை எழுவதற்குக் காரணமான வினா இதுவே.

ஆளுகையும் மேலாண்மையும்

தகவல் தொழில்நுட்ப ஆளுகை என்னும் தொடரைத் தகவல் தொழில்நுட்ப மேலாண்மை என்பதோடு குழப்பிக் கொள்ளுதல் பெருவழக்கு. மேலாண்மை என்பது அன்றாட முடிவுகளை எடுத்து நிறைவேற்றுவது. வழங்கிக் கணினி பழுதுபட்டால் அதை மாற்றுவது, கடவுச்சொல்லை மறந்த ஆசிரியருக்குப் புதியது தருவது ஆகியவை அதன்பாற்படும். ஆளுகை என்பது, எந்த முடிவை யார் எடுக்கலாம், எவரைக் கலந்து எடுக்க வேண்டும், எடுத்தவர் யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பவற்றை முன்கூட்டியே வரையறுப்பது. ஊர் ஏரியின் மடையைத் திறந்து மூடும் நீர்க்கட்டியின் வேலை மேலாண்மை. எந்த வயலுக்கு எப்போது நீர் என்று ஊர் கூடி வகுக்கும் முறை ஆளுகை. நீர்க்கட்டி திறமையானவர் என்பதற்காக முறையை வகுக்கும் உரிமையை ஊரார் அவரிடம் விட்டுவிடுவதில்லை. கணினி விஷயத்தில் நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.

இவ்வேறுபாட்டை உலகத் தரநிலைகளும் ஏற்றுள்ளன. ஆஸ்திரேலியா 2005இல் வெளியிட்ட தரநிலையை அடியொற்றி, 2008இல் ஐ.எஸ்.ஓ. 38500 என்னும் பன்னாட்டுத் தரநிலை வெளிவந்தது. ஆளுகைப் பொறுப்பு தொழில்நுட்பத் துறைத் தலைவருக்கு உரியதன்று, நிறுவனத்தை ஆளும் உயர்மட்டக் குழுவுக்கே உரியது என்பது அதன் அடிப்படை. நம் பல்கலைக்கழகங்களுக்குப் பொருத்தினால், அது ஆட்சிக்குழுவைக் குறிக்கும்.

ஐந்து முடிவுகள், ஆறு ஆட்சிமுறைகள்

இத்துறையில் மிகுதியும் எடுத்தாளப்படும் நூல், பீட்டர் வெய்ல், ஜீன் ராஸ் இருவரும் 2004இல் வெளியிட்டதாகும். 250க்கும் மேற்பட்ட நிறுவனங்களை ஆராய்ந்த அவர்கள், தகவல் தொழில்நுட்பம் பற்றிய முடிவுகளை ஐந்தாக வகுத்தனர். நிறுவனம் தொழில்நுட்பத்தை எதற்காகப் பயன்படுத்துகிறது என்னும் கொள்கை முதலாவது. தரவுகளும் செயல்முறைகளும் எவ்வாறு ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்னும் கட்டமைவு இரண்டாவது. எல்லோருக்கும் பொதுவான வலையமைப்பு, வழங்கி போன்ற உட்கட்டமைப்பு மூன்றாவது. எந்தத் தேவைக்கு எந்த மென்பொருள் என்பது நான்காவது. எதற்கு எவ்வளவு பணம், எது முதலில் என்பது ஐந்தாவது.

இம்முடிவுகளை எடுக்கும் முறைகளையும் அவர்கள் ஆறாகப் பிரித்தனர். உயர் நிர்வாகிகள் மட்டும் எடுப்பது நிர்வாக முடியாட்சி. தொழில்நுட்பர் மட்டும் எடுப்பது தொழில்நுட்ப முடியாட்சி. ஒவ்வொரு பிரிவும் தன் எல்லைக்குள் தானே எடுப்பது நிலக்கிழார் முறை. தலைமையும் பிரிவுகளும் கூடி எடுப்பது கூட்டாட்சி. தொழில்நுட்பரும் இன்னொரு தரப்பும் சேர்ந்து எடுப்பது இருதரப்பு முறை. ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி எடுப்பது ஆட்சியின்மை. இவற்றுள் இது சிறந்தது, இது தாழ்ந்தது என்று பொதுவாகச் சொல்ல இயலாது. ஐந்து முடிவுகளுக்கும் ஒரே முறை பொருந்த வேண்டும் என்பதும் இல்லை.

இவ்வகைப்பாடு வணிக நிறுவனங்களுக்காக உருவானது. பல்கலைக்கழகத்தில் இதை அப்படியே பொருத்துவதில் ஒரு தடை உண்டு. வணிக நிறுவனத்தில் உயர் நிர்வாகி யார் என்பதில் ஐயம் எழாது. தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் அதிகாரம் துணைவேந்தர், ஆட்சிக்குழு, கல்விக்குழு, நிதிக்குழு, உயர்கல்வித் துறை, வேந்தர் எனப் பலரிடம் சிதறியுள்ளது. எனவே இங்கே, ‘யார் முடிவெடுத்தார்?’ என்பதற்கு விடை காண்பதற்கு முன், ‘யாருடைய கையொப்பம் இல்லாமல் முடிவு நிற்காது?’ என்று கேட்க வேண்டியுள்ளது.

சட்டம் வகுத்த அமைப்பு

கிண்டி பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை சென்னை தொழில்நுட்பக் கல்லூரி, கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி ஆகிய நான்கையும் இணைத்து 1978இல் அண்ணா பல்கலைக்கழகம் தோன்றியது. அப்போது அது இணைவு வழங்கும் பல்கலைக்கழகம் அன்று. 2001இல்தான் மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகள் அதன்கீழ் வந்தன. 2007இல் அது பிரிக்கப்பட்டு, 2010 அளவில் ஆறு பல்கலைக்கழகங்களாக நின்று, 2012இல் மீண்டும் ஒன்றாயிற்று. நான்கு வளாகங்களுக்காக வகுக்கப்பட்ட ஒரு சட்ட அமைப்பு, இன்று நானூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளின் மாணவர் தரவுகளைச் சுமக்கிறது. இவ்வளர்ச்சியை மனத்தில் கொள்ளாமல் அதன் தொழில்நுட்ப முடிவுகளை மதிப்பிடுவது முறையாகாது.

பணம் செலவாகும் முடிவுகளுக்குப் பாதை தெளிவாக உள்ளது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998, மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும். நூறு கணினிகள் வாங்குவதற்கு அறிவிப்பும் ஆய்வுக்குழுவும் ஏற்பளிக்கும் அலுவலரும் வேண்டும். வெய்ல் – ராஸ் வகைப்பாட்டின் ஐந்தாவது முடிவு, அதாவது முதலீடு, இவ்வாறு சட்டத்தால் நன்கு வேலியிடப்பட்டுள்ளது. ஏனைய நான்குக்கும் அத்தகைய வேலி இல்லை. மாணவரின் பெயருக்கு எத்தனை எழுத்து இடம், பதிவெண் எப்படி அமைய வேண்டும், மதிப்பெண்ணைத் திருத்தும் உரிமை எந்தப் பதவிக்கு ஆகியவற்றில் செலவு எதுவும் இல்லை. ஆகவே அவை எந்தக் குழுவின் நிகழ்ச்சி நிரலிலும் இடம்பெறாமல், மென்பொருள் எழுதுபவரின் மேசையிலேயே முடிந்துவிடக் கூடும். செலவில்லாத முடிவுகளே பின்னாளில் மிகுந்த துன்பம் தருபவை என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

ஸ்ரீபெரும்புதூர் பகுதிக் கல்லூரிகளுள் சில தன்னாட்சி பெற்றவை. பென்னலூரிலுள்ள ஸ்ரீ வேங்கடேசுவரா பொறியியல் கல்லூரியும் தண்டலத்திலுள்ள இராஜலட்சுமி பொறியியல் கல்லூரியும் இவ்வகையின. தன்னாட்சிக் கல்லூரி தன் தேர்வைத் தானே நடத்துகிறது. பட்டத்தை வழங்குவது பல்கலைக்கழகம். எனவே தேர்வு மென்பொருள் பற்றிய முடிவு கல்லூரியிடமும், பட்டச் சான்றிதழின் தரவு பற்றிய முடிவு பல்கலைக்கழகத்திடமும் உள்ளன. இடையே ஒரு பாலம் வேண்டும். அப்பாலத்தின் வடிவமே கட்டமைவு எனப்படும் இரண்டாவது முடிவாகும்.

அதே ஸ்ரீபெரும்புதூரில், 1993இல் தொடங்கப்பெற்று 2012ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமான இராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் உள்ளது. அது மத்திய இளைஞர் நல அமைச்சகத்தின்கீழ் வருவதால், அதன் கொள்முதல் மத்திய அரசின் பொது நிதி விதிகளையும் அரசு மின் சந்தையையும் சார்ந்தது. ஓரூரிலேயே இரு உயர்கல்வி நிறுவனங்கள் ஒரே வகைக் கணினியை இரு வேறு சட்டப் பாதைகளில் வாங்குகின்றன.

நிகழ்வு ஒன்று: கலந்தாய்வு யாருடையது?

பொறியியல் சேர்க்கைக்கான ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு 1997 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தால் நடத்தப்பட்டது. 2017 வரை மாணவரும் பெற்றோரும் கிண்டி வளாகத்துக்கு நேரில் வந்து, திரையில் காலியிடங்களைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தனர். கன்னியாகுமரியிலிருந்து இரவுப் பேருந்தில் வந்து காலையில் வரிசையில் நின்ற தலைமுறை அதை இன்னும் மறக்கவில்லை. 2018இல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியது. கணினி வசதி இல்லாதோருக்காக மாவட்டங்களில் உதவி மையங்கள் அமைக்கப்பட்டன.

அடுத்த ஆண்டே பெரிய மாற்றம் நேர்ந்தது. சேர்க்கைக் குழுவை அரசு மாற்றியமைத்தது தொடர்பான கருத்து வேறுபாட்டில், அப்போதைய துணைவேந்தர் அக்குழுவின் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். 2019 முதல் கலந்தாய்வைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது.

இதை ஒரு நிர்வாகப் பூசலாக மட்டும் பார்ப்பது எளிது. ஆளுகை நோக்கில் இதில் இரு நியாயங்கள் மோதுகின்றன. இருபது ஆண்டுகள் கலந்தாய்வை நடத்திய அறிவும் ஆள்களும் பல்கலைக்கழகத்திடம் இருந்தன. ஆனால் கலந்தாய்வு மென்பொருள் செயற்படுத்தும் விதிகள் பல்கலைக்கழகத்தின் விதிகள் அல்ல. 69 விழுக்காட்டு இடஒதுக்கீடு சட்டமன்றத்தின் முடிவு. அரசுப் பள்ளி மாணவர்க்கான 7.5 விழுக்காட்டு முன்னுரிமை 2021இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கு விரிவாக்கப்பட்டதும் சட்டத்தால்தான். கொள்கை அரசுடையது, செயற்பாடு பல்கலைக்கழகத்துடையது என்றிருக்கும்போது, தரவரிசைப் பட்டியலில் ஒரு பிழை நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர் யார்? 2018 வரை இவ்வினா கூர்மையாக எழவில்லை. நேரடிக் கலந்தாய்வில் மாணவர் எதிரிலிருந்த அலுவலரிடம் கேட்டுத் தெளிந்தார். இணையவழியில் எதிரில் அலுவலர் இல்லாதபோதுதான் அவ்விடத்தில் நிற்க வேண்டியவர் யார் என்பதை எழுத்தில் வரையறுக்கும் தேவை எழுகிறது.

இயக்ககத்திடம் பொறுப்பு சென்றதால் மாணவர்க்கு நன்மையா தீமையா என்பதைத் தனியே ஆராய வேண்டும். கொள்கையும் செயற்பாடும் ஒரே கூரையின்கீழ் வந்தன என்ற அளவில் பொறுப்பின் வரையறை எளிதாயிற்று எனலாம்.

நிகழ்வு இரண்டு: கண்காணித்த மென்பொருள்

பெருந்தொற்றுக் காலத்தில், 2020 நவம்பர் – டிசம்பர் பருவத்துக்குரிய தேர்வுகள் 2021இன் தொடக்கத்தில் இணையவழியில் நடந்தன. மாணவர் வீட்டிலிருந்தே எழுதினர். செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்று கணினி அல்லது கைப்பேசியின் ஒளிப்படக் கருவி வழியாக அவர்களைக் கண்காணித்தது. ஏப்ரலில் முடிவுகள் வெளியானபோது தோல்வியுற்றோரும் முடிவு நிறுத்தி வைக்கப்பட்டோரும் பெருந்தொகையினராக இருந்தனர். தாம் முறைகேடு செய்யவில்லை என்றும் இணையத் தொடர்பு அறுந்ததையும் தலை அசைந்ததையும் மென்பொருள் தவறாகக் கொண்டது என்றும் மாணவர்கள் முறையிட்டனர். மே மாதம் பொறுப்பேற்ற புதிய அரசின் உயர்கல்வித் துறை அமைச்சர் மறுதேர்வை அறிவித்தார்.

இந்நிகழ்வைக் குறித்துப் பேசுவோர் பெரும்பாலும் மென்பொருளின் துல்லியத்தைப் பற்றியே பேசுகின்றனர். துல்லியம் ஒரு தொழில்நுட்ப வினா. அதனினும் முதன்மையான ஆளுகை வினாக்கள் வேறு. மென்பொருள் ஐயுறுவதற்கும் பல்கலைக்கழகம் முறைகேடு என்று தீர்மானிப்பதற்கும் இடையே ஒரு மனிதர் இருக்க வேண்டும் என்பது எங்கே எழுதப்பட்டிருக்க வேண்டும்? எவ்வளவு ஐயம் எழுந்தால் முடிவை நிறுத்தலாம் என்னும் அளவுகோலை யார் வகுப்பது, மென்பொருள் விற்றவரா, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரா, கல்விக்குழுவா? தேர்வறையில் துண்டுத்தாளுடன் பிடிபட்ட மாணவருக்குக்கூட விளக்கம் சொல்ல வாய்ப்பளிக்கும் நடைமுறை நீண்ட காலமாக உண்டு. அந்த நடைமுறையைக் கல்விசார் குழுக்கள் பல்லாண்டு விவாதித்து உருவாக்கின. கண்காணிப்பு மென்பொருள் வந்தபோது, அது தேர்வு விதியில் ஒரு மாற்றம் என்று கருதப்பட வேண்டியிருந்தது. ஒரு கருவியைப் பயன்படுத்தும் ஏற்பாடாகக் கருதுவது விரைவானது. விரைவு தேவைப்பட்ட காலம் அது என்பதையும் மறுப்பதற்கில்லை.

இறுதியில் இம்முடிவை மாற்றியது பல்கலைக்கழகத்தின் எந்தக் குழுவும் அன்று, அமைச்சரின் அறிவிப்பே என்பது குறிப்பிடத்தக்கது. உள்ளே முறையீட்டுக்கு வலுவான வாயில் இல்லாதபோது முறையீடு வெளியே செல்கிறது. தன்னாட்சியைப் பற்றிக் கவலைப்படும் பல்கலைக்கழகத்தார் இதைக் கருத வேண்டும்.

நிகழ்வு மூன்று: ஒருவரே பல கல்லூரிகளில்

2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு குற்றச்சாட்டை வெளியிட்டது. 2023–24 கல்வியாண்டில் 353 ஆசிரியர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட இணைவுக் கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் காட்டப்பட்டுள்ளனர் என்றும் இவ்வாறு காட்டிய கல்லூரிகள் 224 என்றும் அது கூறியது. ஒரே ஆசிரியர் பல கல்லூரிகளின் பட்டியலில் இடம்பெற்றிருந்ததைப் பல்கலைக்கழகமும் ஒப்புக்கொண்டு விசாரணையைத் தொடங்கியது.

இதில் ஏமாற்று இருக்கிறது. அதை விசாரிப்பது சட்டத்தின் வேலை. இங்கே நம் அக்கறை தரவின் அமைப்பில் உள்ளது. ஒரு கல்லூரிக்கு இணைவு வழங்கும்போது அக்கல்லூரியின் ஆசிரியர் பட்டியல் சரிபார்க்கப்படுகிறது. சரிபார்ப்பு கல்லூரி கல்லூரியாக நடக்கிறது. இந்தப் பெயர் வேறெங்கேனும் இருக்கிறதா என்னும் வினா எந்தத் தனிக் கல்லூரியின் கோப்பிலும் எழாது. அது எல்லாப் பட்டியல்களையும் ஒருசேர வைத்துப் பார்ப்பவருக்கே எழும். வெளியிலிருந்த ஓர் அமைப்பு அப்படிப் பார்த்தது, கண்டறிந்தது. ஒப்பிடும் கணினிப் பணி கடினமானதன்று. ஒப்பிட வேண்டும் என்பதைத் தன் கடமையாகக் கொண்ட பதவி ஒன்று வேண்டும். தரவுக்கு உரிமையாளர் ஒருவரைக் குறிப்பிடுதல் என்று ஆளுகை நூல்கள் கூறுவது இதைத்தான். உரிமையாளர் என்பதைவிடப் பொறுப்பாளர் என்னும் சொல்லே தமிழில் பொருந்தும்.

ஆசிரியர் பட்டியலில் இல்லாத ஆசிரியர் வகுப்பறையிலும் இல்லை. அவ்வகுப்பில் படித்துப் பட்டம் பெற்றவர்தான் தொழிற்சாலையின் நேர்முகத் தேர்வில் தடுமாறுகிறார்.

பெயர் என்னும் பதிவுக் களம்

இனி, சிறிதாகத் தோன்றும் ஒன்றைச் சற்று விரிவாகக் காண்போம். தமிழ்நாட்டில் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னெழுத்தாக நிற்கிறது; அண்மைக் காலமாகத் தாய் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து எழுதுவோர் உள்ளனர். பெரும்பாலான மென்பொருள்கள் முதற்பெயர், இறுதிப்பெயர் என இரு களங்களைக் கேட்கின்றன. இறுதிப்பெயர்க் களத்தில் ஒருவர் முன்னெழுத்தை இடுகிறார். மற்றொருவர் தந்தையின் முழுப்பெயரை இடுகிறார். இன்னொருவர் தம் பெயரையே இருமுறை இடுகிறார். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு வடிவம், ஆதாரில் ஒரு வடிவம், பட்டச் சான்றிதழில் ஒரு வடிவம் என ஒருவரே மூவராகிறார்.

தமிழ் எழுத்தில் பெயரைப் பதிவதில் இன்னொரு சிக்கல் உண்டு. 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் எழுத்துக் குறியாக்கங்களை ஏற்றது. 2010இல் ஒருங்குறியும், அது இயங்காத இடங்களுக்கு டேஸ் 16உம் தரமாக்கப்பட்டன. 2021 டிசம்பரில், அரசு ஆவணங்களில் தமிழ்ப் பெயருக்குத் தமிழிலேயே முன்னெழுத்து எழுத வேண்டும் என்னும் அரசாணை வந்தது. ஒவ்வொரு மாற்றமும் சரியானதே. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழைய தரவுத்தளத்தைப் புதிய குறியாக்கத்துக்கு மாற்றும் வேலை எழுகிறது. அது யாருடைய வேலை என்பதும் முடிவு செய்யப்பட வேண்டும்.

இக்கட்டுரையாளரின் பட்டறிவு ஒன்றை இங்கே குறிப்பிடலாம். முனைவர் பட்டப் பதிவின்போது ஆய்வுத் தலைப்பை இணையதளத்தில் தமிழில் உள்ளிட நேர்ந்தது. உள்ளிட்டபோது எழுத்துகள் சரியாகவே தெரிந்தன. சில நாள்களில் வந்த உறுதிப்படுத்தும் கடிதத்தில் தலைப்பு இருந்த இடத்தில் வினாக்குறிகள் வரிசையாக நின்றன. ஆய்வுப் பிரிவில் கேட்டபோது கணினி மையத்தைக் கேட்கச் சொன்னார்கள். கணினி மையத்தில், மென்பொருளை எழுதிய நிறுவனத்தின் ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்றார்கள். யாரும் கடுமையாகப் பேசவில்லை. எல்லோரும் உதவவே விரும்பினர். திருத்தும் உரிமை தமக்கு உண்டா என்பது அவர்கள் எவருக்கும் தெரியவில்லை. முடிவில், தலைப்பை ஆங்கில எழுத்துகளில் பெயர்த்து எழுதித் தருமாறு கேட்டனர். தமிழாய்வு ஒன்று ரோமன் எழுத்தில் பதிவாயிற்று.

இச்சிக்கலை ஐந்து முடிவுகளாகப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் எவரிடம் சேர வேண்டும் என்பது புலனாகும். மாணவர் பெயரும் ஆய்வுத் தலைப்பும் தமிழிலும் ஆங்கிலத்திலும் நிலைபெற வேண்டும் என்பது கொள்கை. ஆட்சிக்குழு தீர்மானிக்க வேண்டியது. பெயருக்கு இரு களங்களா, முன்னெழுத்துக்குத் தனிக் களமா, மூல ஆவணம் எது என்பது கட்டமைவு; இதைப் பதிவாளர் அலுவலகமும் தேர்வுப் பிரிவும் தமிழ்த்துறையும் தொழில்நுட்பரோடு சேர்ந்து தீர்மானிக்க வேண்டும். ஒருங்குறியைத் தாங்கும் தரவுத்தளம் உட்கட்டமைப்பு. இங்கே தொழில்நுட்பரின் சொல்லே இறுதி. திருத்தக் கோரிக்கையைப் பெறும் மென்பொருள் மாணவரோடு நாள்தோறும் பழகும் பிரிவுகளின் தேவை. பழைய தரவை மாற்றுவதற்கான செலவு நிதிக்குழுவின் பாற்படும். ஐந்தையும் கணினி மையத்தின் தலையில் வைத்துவிட்டு, வினாக்குறி வந்ததற்கு அதைக் குறை கூறுதல் தகாது.

சாலையின் மறுபுறம்

தொழிற்சாலைகளைப் போலப் பல்கலைக்கழகமும் ஒரே மென்பொருளைக் கொண்டு எல்லாவற்றையும் இணைத்துவிட்டால் என்ன என்று இப்பகுதிக் கல்லூரி நிர்வாகிகள் கேட்பதுண்டு. பன்னாட்டு நிறுவனம் ஒன்றின் ஒரகடத்து ஆலையில் எந்த நிறுவன வளத் திட்ட மென்பொருள் இயங்க வேண்டும் என்பது பொதுவாக ஒரகடத்தில் முடிவாவதில்லை. தாய் நிறுவனம் முடிவெடுக்கிறது, ஆலை பின்பற்றுகிறது. வாகனத்தின் ஓர் உதிரிப்பாகம் எல்லா நாட்டிலும் ஒரே எண்ணால் அழைக்கப்பட வேண்டும் என்பதால் அம்முறை அங்கே பொருந்துகிறது. பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையும் தமிழ்த்துறையும் ஒரே வகையில் ஆய்வு செய்வதில்லை, செய்யவும் வேண்டியதில்லை. மாணவர் பதிவேடு ஒன்றாக இருத்தல் வேண்டும். ஆய்வகத்துக்கான மென்பொருளை அந்தந்தத் துறையே தேர்ந்துகொள்ளட்டும்.

தேசியத் தர மதிப்பீட்டுக் குழுவின் மதிப்பீட்டில் நிர்வாகம், நிதி, சேர்க்கை, தேர்வு ஆகியவற்றில் மின்னாளுகை உண்டா என்று கேட்கப்படுகிறது. ஆதலால் தகவல் தொழில்நுட்பக் கொள்கை என்னும் ஆவணம் ஒன்றைக் கல்லூரிகள் ஆயத்தம் செய்கின்றன. இத்தகைய ஆவணங்கள் சிலவற்றைப் படித்துப் பார்த்ததில், கடவுச்சொல்லைப் பகிராதீர், உரிமம் இல்லாத மென்பொருளை நிறுவாதீர் போன்ற பயனர்க்கான விதிகளே மிகுதியாக உள்ளன. முடிவெடுப்போர் யார் என்று கூறும் பகுதி அரிதாகவே தென்படுகிறது. மாநில அரசு 2022இல் தொடங்கிய நான் முதல்வன் போன்ற திட்டங்களின் தளங்கள் வேறு கல்லூரிக்குள் வந்துள்ளன. அவற்றில் சேரும் மாணவர் தரவைப் பற்றிய முடிவுகள் கல்லூரிக்கு வெளியே எடுக்கப்படுபவை.

புதிய சட்டமும் காலியான இருக்கையும்

2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்நிலையை மாற்றக் கூடும். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தரவைக் கையாளும் நோக்கத்தையும் வழியையும் தீர்மானிப்பவரே பொறுப்பாளர் என்று சட்டம் சொல்கிறது. மென்பொருள் நிறுவனத்திடம் வேலையை ஒப்படைத்ததால் பொறுப்பு நீங்காது. போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். வினாக்களுக்கு விடையளிக்கத்தக்க ஒருவரின் தொடர்பு விவரத்தை வெளியிடுவதும் கடமை.

பெயர்ப் பிழையைப் பொறுத்தவரை இச்சட்டத்தில் ஒரு நுட்பம் உள்ளது. தம் தரவைத் திருத்தக் கோரும் உரிமை, ஒப்புதலின்பேரில் கையாளப்படும் தரவுக்கே தரப்பட்டுள்ளது. அரசு சார்ந்த அமைப்பு சான்றிதழ் வழங்குவதற்காகத் தரவைக் கையாள ஒப்புதல் தேவையில்லை என்னும் பிரிவும் உண்டு. மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று அப்பிரிவின்கீழ் நின்று, திருத்தக் கோரும் உரிமை மாணவர்க்கு இல்லை என்று வாதிட இடமுள்ளது. ஆனால் ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்கு அத்தரவு பயன்படுமாயின், அது முழுமையாகவும் பிழையின்றியும் இருக்கச் செய்வது பொறுப்பாளரின் கடமை என்று வேறொரு பிரிவு கூறுகிறது. மாணவரின் உரிமையாக இல்லாவிடினும் பல்கலைக்கழகத்தின் கடமையாகத் திருத்தம் நிற்கிறது.

இக்கடமைகளை ஏற்று ஆணையிட வேண்டிய இருக்கை பற்றியும் சொல்ல வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தரின் பதவிக்காலம் 2024 ஆகஸ்டில் முடிந்தது. அதன்பின் உயர்கல்வித் துறைச் செயலர் தலைமையிலான ஒருங்கிணைப்புக் குழு பல்கலைக்கழகத்தை நடத்த நேர்ந்தது. நியமன அதிகாரம் குறித்த சட்டத் திருத்தங்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகக் கருதி 2025 ஏப்ரல் 8இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; மே 21இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்திருத்தங்களுக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஒருங்கிணைப்புக் குழு அன்றாடப் பணிகளைக் குறைவின்றி நடத்தலாம். பத்தாண்டுக்குத் தாங்க வேண்டிய தரவுக் கட்டமைவைத் தீர்மானிக்க அத்தகைய இடைக்கால அமைப்பு தயங்குவது இயல்பு.

ஆயினும் தயக்கமின்றித் தொடங்கத்தக்கது ஒன்றுண்டு. பதிவாளர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், கணினி மைய இயக்குநர், தமிழறிஞர் ஒருவர், இணைவுக் கல்லூரி முதல்வர்கள் இருவர், மாணவர் ஒருவர் ஆகியோரைக் கொண்ட சிறு குழுவை ஆட்சிக்குழு தன் தீர்மானத்தால் அமைக்கலாம். இதற்குச் சட்டத் திருத்தமோ ஒப்பந்தப்புள்ளியோ வேண்டியதில்லை. இணைவுக் கல்லூரி முதல்வர்களுள் ஒருவராவது கிண்டியிலிருந்து தொலைவிலுள்ள கல்லூரியைச் சேர்ந்தவராக இருத்தல் நலம். அக்குழுவின் முதற்கூட்டத்தில் எடுத்துக்கொள்ள, மாணவர் பெயரை எத்தனை களங்களில் பதிவது என்னும் பொருளே போதுமானது.